நீர்த்துளியில் உயிர் கண்ட லீவன்ஹூக்

விஞ்ஞான சரித்திரத்திற் பெயர் நாட்டியோர் பலர். அவருள் சர்வகலாசாலையின் வாயிற்படியை மிதியாதவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், ஹாலந்து தேசத்து டெல்ப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகராகிய அந்தோனி வான் லீவன்ஹூக் என்பார். இலத்தீன் அறியார், தாய்மொழியாகிய டச்சு ஒன்றே அறிவார், கடிதங்கள் எழுதினாரேயன்றி வேறு நூல் எழுதினாரல்லர். எனினும் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உலகத்தை மனிதர்க்கு முதன் முதலாகக் காட்டியவர் அவரே.

அவர் சரிதையை இம்மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. விடியற்காலையில் நம் விடுதியில் முகங்கழுவும் இடத்தே சற்று நின்று நோக்குவார் ஒரு காட்சியைக் காணலாம். மூக்குக் கண்ணாடியை விடுத்துக் காண்டாக்ட் லென்ஸ் அணியும் நண்பர் பலர் இப்பொழுது நம்மிடையே இருக்கின்றனர். அவருள் ஒருவர் லென்ஸைக் குழாய்நீரிற் காட்டி அலசுவார். மற்றொருவர் கைதவறிக் கீழே வீழ்ந்ததை எடுத்து, நாவில் வைத்து நனைத்து, உடனே கண்ணில் இட்டுக்கொள்வார். மூன்றாமவர் டப்பாவிலுள்ள நேற்றைய மருந்துநீரைக் கொட்டாமல் அதன்மேல் நாலு சொட்டு விட்டு மூடுவார். எம்முடன் ஓரறையில் வாழ்ந்த நண்பர் இம்மூன்றையும் செய்தவர். அவருக்கு வலக்கண் சிவந்தது. பின்னர் வெளிச்சத்தைக் காணவே இயலாது போயிற்று. பல திங்கள் மருத்துவமனையிற் கிடந்து, ஓராண்டுப் படிப்பையும் அக்கண்ணின் ஒளியிற் பெரும்பகுதியையும் இழந்தார். யாம் காணச் சென்ற நாளில், இருளாக்கிய அறையில் இருந்தவாறே, நாம் நாள்தோறும் முகங்கழுவுகின்ற நீரில் அப்படி என்னதான் இருக்கின்றது என்று அவர் எம்மை வினவினார். அவ்வினாவிற்கு முதன் முதலில் விடை கண்டவர் டெல்ப்ட் நகரத்து வணிகர். அதனாலேயே இச்சரிதை.

லீவன்ஹூக் 1632-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூடை முடைபவர்; தாயார் பீர் வடிக்கும் குடும்பத்தில் வந்தவர். புகழ்பெற்ற ஓவியராகிய வெர்மீயரும் அதே ஊரில் அதே ஆண்டிற் பிறந்தவரே. தேவாலயப் பதிவேட்டில் இருவருடைய ஞானஸ்நானமும் நான்கு நாள் இடையிட்டுப் பதிவாகியிருக்கின்றன. பிற்காலத்தில் வெர்மீயர் கடன்பட்டு இறந்தபொழுது, அவருடைய சொத்துக்களை ஒழுங்குசெய்யும் பொறுப்பு 1676-இல் லீவன்ஹூக்கிடமே ஒப்புவிக்கப்பட்டது. ஒளியை ஓவியத்தில் வைத்தவரும், ஒளியைக் கண்ணாடியில் வளைத்தவரும் ஒரே ஊர்த் தெருக்களில் நடந்தனர் என்று எண்ணும்போது வியப்புத் தோன்றுகின்றது. எனினும் அவர்கள் நண்பராயிருந்தனர் என்பதற்குச் சான்று ஒன்றும் இல்லை.

ஆறு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த இப்பிள்ளை, அயலூர்ப் பள்ளியிற் சிறிது கற்று, 1648-இல் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று ஒரு துணிக்கடையில் தொழில் பயின்றார். 1654-இல் ஊர் திரும்பினார், மணம் புரிந்தார், ஒரு வீடு வாங்கி அதிலேயே துணிக்கடை வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் டெல்ப்டிலிருந்த வெடிமருந்துச் சாலை வெடித்து, நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. இளம் வணிகரின் கடை பிழைத்தது. இல்லறத்திலோ துன்பம் மிகுதி. ஐந்து மக்கள் பிறந்தும் மரியா என்னும் பெண் ஒருத்தியே வளர்ந்தாள். முதல் மனைவியார் 1666-இல் காலஞ்சென்றார். பின்னர் மணந்த மனைவியாரும் இவருக்கு முன்னரே மறைந்தார். இறுதிவரை உடனிருந்து பேணியவள் மகள் மரியாவே.

1660-இல் நகர மன்றத்தார் தம் மண்டபத்தைப் பாதுகாக்கும் உத்தியோகத்தை இவருக்கு அளித்தனர். கதவு திறத்தல், கணப்பு மூட்டல், இடத்தைத் துப்புரவாக வைத்தல் ஆகியவை அவ்வேலையின் கடமைகள். பெருமைக்குரிய பதவியன்று, ஆயினும் நிலையான சம்பளமும் ஓய்வும் அதனாற் கிடைத்தன. பிறகு நில அளவையாளர், மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைக் கணிப்பவர் ஆகிய வேலைகளும் வந்தன. எதையும் அளந்தும் எண்ணியும் பார்க்கும் பழக்கம் இவருக்கு இவ்வேலைகளால் முற்றிற்று என்பது எம் கருத்து. பின்னர்க் காணும் நுண்ணுயிர்களையும், மணற்பருக்கை ஒன்றுக்கு எத்தனை மடங்கு சிறியன என்று கணக்கிட்டே கூறுவார்.

துணி வணிகர் இழைகளின் நெருக்கத்தைக் காணச் சிறு பூதக்கண்ணாடி வைத்திருப்பது அக்காலத்து வழக்கம். லீவன்ஹூக் அதனோடு அமையவில்லை. தாமே கண்ணாடிகளைச் செய்யத் தொடங்கினார். அவர் செய்த கருவியை இக்காலத்து மைக்ராஸ்கோப்போடு ஒப்பிட்டு நினைத்தல் தவறு. பெருவிரல் அளவான இரண்டு பித்தளைத் தகடுகள். அவற்றின் நடுவே ஊசித்துளை போன்ற ஒரு துவாரம். அத்துவாரத்தில் கடுகினும் சிறிதான ஒரு கண்ணாடி மணி. அதன் எதிரே ஓர் ஊசிமுனை. அதை முன்னும் பின்னும் நகர்த்தத் திருகாணிகள். இவ்வளவே. அதைக் கண்ணோடு ஒட்டினாற்போலப் பிடித்து ஒளியை நோக்கிப் பார்த்தல் வேண்டும். இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் வலிமை மிக்கது ஒரு பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது. அவர் வாழ்நாளில் செய்தவை ஐந்நூற்றுக்கு மேற்பட்டவை. புதிய பொருளொன்றைக் கண்டால் அதை ஊசிமுனையில் ஒட்டி அப்படியே விட்டுவிட்டு, அடுத்த பொருளுக்கு வேறொரு கருவி செய்துகொள்வது அவர் வழக்கம்.

1673-இல் டெல்ப்ட் நகரத்து மருத்துவராகிய தெ கிராப் என்பவர், இலண்டனிலுள்ள ராயல் சொஸைட்டி என்னும் அறிஞர் கழகத்துக்கு இவரை அறிமுகப்படுத்தி எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஐம்பது ஆண்டுகள் இடையறாது நடந்தது.

1674-ஆம் ஆண்டுக் கோடையில், டெல்ப்டுக்கு இரண்டு மணி நேரப் பயணத்திலுள்ள ஓர் ஏரியின் பக்கமாக லீவன்ஹூக் சென்றார். குளிர்காலத்திற் பளிங்கு போன்றிருக்கும் அவ்வேரி நீர் கோடையில் வெளுத்துக் கலங்கி, பசிய நூல்கள் மிதப்பதாக மாறும். பனி விழுவதால் அவ்வாறாகின்றது என்பது ஊரார் கொள்கை. இவர் ஊரார் கொள்கையைக் கேட்டுக்கொண்டு, ஒரு சிறு குப்பியில் அந்நீரை மொண்டு வந்தார். மறுநாள் கண்ணாடியின் வழியே நோக்க, பசிய சுருள்களினிடையே எண்ணிறந்த சிறு பிராணிகள் மேலுங் கீழும் சுழன்று திரிவதைக் கண்டார். நீர்த்துளியில் உயிர் கண்ட நாள் அது.

அதன்பின் அவர் ஆராயாத நீரில்லை. கிணற்று நீர், கடல் நீர், ஆற்று நீர், பனிக்கட்டி உருகிய நீர் அனைத்தையும் நோக்கினார். மிளகு ஏன் நாவில் உறைக்கின்றது என்று அறிய விரும்பி மிளகை நீரில் ஊறவைத்தார். மிளகின் துகள்களில் முள்ளிருக்கும் போலும் என்பது அவர் ஐயம். டச்சுக் கம்பெனியார் நம் மலையாளக் கரையிலிருந்தும் சுமாத்திரா முதலிய தீவுகளிலிருந்தும் கப்பலேற்றிய சரக்கல்லவா அது! முள்ளைத் தேடியவர் 1676-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த ஊறல்நீரில் உயிரைக் கண்டார். முன்பு கண்டவற்றினும் மிகமிகச் சிறியவையும் அவற்றுள் இருந்தன. இன்று பாக்டீரியா என்று நாம் வழங்கும் உயிர்களை மனிதக் கண் முதலிற் கண்டது அவ்வூறலிலேதான் என்று அறிஞர் கருதுகின்றனர்.

மழைநீரைப் பற்றி அவர் செய்த சோதனை எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. வானத்திலிருந்தே இவ்வுயிர்கள் விழுகின்றனவா என்று அறிய வேண்டி, துப்புரவான பீங்கான் தட்டொன்றை, மண் தெறிக்காதபடி உயரத்தில் வைத்து, முதலில் விழுந்த நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் மழை பிடித்தார். புதிதாகப் பெய்த அந்நீரில் அவர் கண்ணுக்கு உயிர் ஒன்றும் அகப்படவில்லை. அந்நீரையே சில நாள் வைத்துப் பார்த்தார். உயிர்கள் தோன்றியிருந்தன, நாளாக ஆகப் பெருகின. லென்ஸ் டப்பாவில் நேற்றைய மருந்துநீரை வைத்திருந்து அதன்மேல் புதியதை ஊற்றும் நண்பர் இவ்விடத்தைச் சற்று நின்று படித்தல் நலம். அம்மருந்துநீர் முதல் இரவிலேயே தன் வலிமையிற் பெரும்பகுதியைச் செலவிட்டுவிடுகின்றது. எஞ்சியதன்மேல் ஊற்றும் புதுநீரும் அதனாற் கலந்து இளைத்துப்போகும். ஆதலின் டப்பாவை ஒவ்வொரு நாளும் முழுதும் கொட்டி, புதிய மருந்துநீராலேயே அலசி, துடைத்துத் தூய தாளின்மேற் கவிழ்த்து உலரவிடுதல் வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றிவிடுமாறு மருத்துவர் கூறுகின்றனர். அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்கு மேற்படாது.

லீவன்ஹூக்கின் 1676-ஆம் ஆண்டு அக்டோபர்க் கடிதம் இலண்டனில் பெருங் கலக்கத்தை உண்டாக்கிற்று. ஒரு துளி நீரில் இத்தனை உயிர்கள் என்றால் நம்புவார் யார்? கழகத்தார் சோதித்தபொழுது முதலில் ஒன்றும் காணவில்லை. லீவன்ஹூக் சினங்கொள்ளவில்லை, பாதிரிமார் உள்ளிட்ட எட்டு நன்மக்களை அழைத்துத் தம் கண்ணாடி வழியே காணச் செய்து, அவர்தம் சாட்சிக் கடிதங்களைப் பெற்று அனுப்பினார். 1677-ஆம் ஆண்டு நவம்பரில் ராபர்ட் ஹூக் என்னும் பேரறிஞர் தாமே கண்ணாடி செய்து மிளகுநீரை நோக்கிக் கழகத்தார்க்கும் காட்டினார். ஐயம் அகன்றது. 1680-இல் துணி வணிகர் அக்கழகத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்விடத்தே எம் நண்பரின் வினாவுக்குரிய விடையைச் சொல்லிவிடுவோம். கண்ணின் மேல் ஒட்டி அணியும் கண்ணாடியை முதன் முதலிற் செய்து நோயாளர்க்கு அணிவித்து, 1888-இல் எழுதி வெளியிட்டவருள் ஒருவர் சூரிக் நகரத்து மருத்துவர் பிக் என்பார். அது முழுதும் கண்ணாடி. சில மணி நேரத்துக்கு மேல் தாங்க இயலாதது. இன்று பலரும் அணியும் மெல்லிய லென்ஸ் செக் நாட்டு இரசாயனப் பண்டிதர் விக்டர்லெ என்பவரின் படைப்பு. 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாட்களில், பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளைக் கொண்டே ஓர் இயந்திரம் அமைத்து, தம் வீட்டு மேசையில் அவர் அவற்றை வார்த்தெடுத்தார். மென்மையும் நீரை உறிஞ்சும் இயல்புமே அந்த லென்ஸின் சிறப்பு. ஆனால் நீரை உறிஞ்சுவது நீரில் இருப்பதையும் பற்றிக்கொள்ளும் அன்றோ?

நீரில் இருப்பவற்றுள் அகந்தமீபா என்பது ஒன்று. இது குளத்திலும் மண்ணிலும் மாடித் தொட்டியிலும் குழாயிலும் நீச்சற் குளத்திலும் வாழும் ஓரணு உயிர், பாக்டீரியாக்களை உண்பது. நாம் அதைக் குடித்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. கண்ணின் முன்புறத்துள்ள தெளிந்த கருவிழிப்படலத்தில் நுண்ணிய கீறல் இருந்து, லென்ஸ் அதை அங்கே மணிக்கணக்கில் அழுத்தி வைத்திருந்தால் அது உள்ளே புகுந்துவிடும். புகுந்தபின் அப்படலத்தையே உண்ணத் தொடங்கும். கண்ணைப் பார்த்தால் சிறு சிவப்பாகத் தோன்றும். வலியோ பொறுக்க இயலாததாயிருக்கும். வெளிச்சம் கூசும், நீர் வடியும். முதலில் வேறு நோயென்று மயங்கி மருந்திடுவதும் உண்டு. நாள் சென்றபின் கருவிழியில் வளையம் போன்ற வெண்மை படரும். மருந்துத் துளிகளை முதற்கண் இரவும் பகலும் மணிக்கொருமுறை இட்டு, பின்னர்ப் பல திங்கள் தொடர்தல் வேண்டும். அவ்வளவு செய்தும் சிலர்க்கு இறந்தோர் கண்ணின் படலத்தை மாற்றி வைக்க நேர்கின்றது. சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா இதனினும் விரைந்து, சில நாளிலேயே படலத்தைப் புண்ணாக்க வல்லது.

மேனாடுகளில் அகந்தமீபாவால் வரும் நோய் பெரும்பாலும் லென்ஸ் அணிவோர்க்கே வருகின்றது. நம் நாட்டிலோ, கண்ணிற் சேறும் தூசியும் பட்டு அதை அழுக்குநீரால் கழுவிய உழவர் முதலியோரிடத்தே மிகுதியாகக் காணப்படுகின்றது. இவ்வேறுபாட்டினால் நம்மவர்க்கு அச்சமில்லை என்று எண்ணுதல் பேதைமை. நீர் ஒன்றே, அது கண்ணுக்குட் செல்லும் வாயில் மட்டும் வேறு. அமெரிக்காவில் 1980-க்குப் பின் இந்நோய் பெருகியபொழுது ஆராய்ந்தனர். நோயுற்றவருள் பலர் உப்பு மாத்திரையை வாலைநீரிற் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கழுவும் நீரைச் செய்துகொண்டவர் என்பது தெரிய வந்தது. காய்ச்சி வடித்ததாகிய வாலைநீரே உதவாது எனின், நம் விடுதி மாடித் தொட்டி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ? இங்கு ஒரு நுட்பம் உண்டு. சோப்பிட்டுக் கைகழுவியபின் கையை நன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டே லென்ஸைத் தொடல் வேண்டும். ஈரக்கையினால் தொடுவது குழாய்நீரிற் கழுவுவதையே ஒக்கும். குளிக்கும்பொழுதும் நீந்தும்பொழுதும் லென்ஸைக் கழற்றி வைக்கச் சொல்வதும் இதுபற்றியே. தூங்கும்பொழுது கழற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. மூடிய இமையின்கீழ்க் கருவிழிக்குக் காற்று குறையும். அதன்மேல் லென்ஸும் மூடினால் அது வாடிக் கிருமிகளை எதிர்க்கும் வலிமை இழக்கும்.

மீண்டும் டெல்ப்டுக்குச் செல்வோம். 1683-ஆம் ஆண்டு செப்டம்பரில் லீவன்ஹூக் தம் வாயையே ஆராயப் புகுந்தார். நாள்தோறும் உப்பினாற் பல் தேய்த்து, நீரினால் வாய் கொப்பளித்து, துணியாலும் துடைப்பவர் அவர். அவர் வயதில் அவ்வளவு வெண்மையான பல்லுடையோர் அரியர் என்று தாமே பெருமை கொண்டவர். எனினும் பல்லிடுக்கில் மாவு பிசைந்தாற்போன்ற வெண்ணிறப் பசையைக் கண்டு, அதில் அணுவளவு எடுத்து மழைநீரிற் கலந்து நோக்கினார். கெண்டை மீன்போலப் பாய்வனவும் பம்பரம்போலச் சுழல்வனவுமாக உயிர்கள் மொய்த்தன. நெதர்லாந்து தேசத்து மக்கள் தொகையினும் தம் வாயில் வாழ்வன மிகுதி என்று கணக்கிட்டார். துப்புரவான வாயின் நிலையே இதுவாயின், கண்ணில் இடும் பொருளை நாவில் நனைப்பது எத்தகையது என்பதை யாம் விரித்துக் கூற வேண்டுவதில்லை.

அக்கடிதத்தில் யாம் மிகவும் போற்றும் பகுதி பிறிதொன்று. காடி என்னும் வினிகரினால் இவ்வுயிர்கள் மாய்கின்றனவா என்று அவர் சோதித்தார். காடியினால் வாய் கொப்பளித்தபின் பல்லிடுக்கிலிருந்து எடுத்த பசையில் உயிர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பசையை வெளியே எடுத்துக் காடியிற் கலந்தபொழுதோ அவை உடனே மாய்ந்தன. காரணத்தை அவரே உய்த்துணர்ந்தார். காடி, பசையின் மேற்புறத்தில் இருந்தவற்றையே கொன்றது. உள்ளே ஊடுருவிச் செல்லவில்லை. இன்று உயிர்ப்படலம் என்று பெரிய ஆராய்ச்சியாக விரிந்திருப்பதன் வித்து இச்சிறு குறிப்பிலேயே இருக்கின்றது எனின் மிகையாகாது. கிருமிகள் ஒரு பரப்பிற் படிந்ததும் பிசின் போன்ற போர்வையைத் தம்மேற் சுரந்துகொள்கின்றன. அப்போர்வைக்குள் மருந்து எளிதிற் புகாது. கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸில் படிந்து அப்போர்வைக்கு மேலும் இடங்கொடுக்கும்.

மருந்துநீரில் ஊறவைத்தாலே போதும், தேய்க்க வேண்டுவதில்லை என்று நம் நண்பர் சிலர் வாதிக்கின்றனர். சில புட்டிகளின்மேலும் அவ்வாறு அச்சிட்டிருந்தது உண்டு. லீவன்ஹூக்கின் காடிச் சோதனையை அறிந்தார் அவ்வாறு கூறார். லென்ஸை உள்ளங்கையில் வைத்து, மருந்துநீர் விட்டு, விரல் நுனியால் இருபுறமும் மெல்லத் தேய்த்தபின், மீண்டும் மருந்துநீராலேயே அலசி, அதன்பின்னரே ஊறவைத்தல் வேண்டும். தேய்த்தல் போர்வையைக் கிழிக்கின்றது. ஊறவைத்தல் உள்ளிருப்பதைக் கொல்கின்றது. இரண்டும் வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்துநீரை வழங்குவோர், அதற்குரிய டப்பாவில், புட்டியிற் குறித்த நேரம் முழுதும் காத்திருத்தல் கட்டாயம். அது முறிவதற்கு முன் கண்ணில் இட்டால் எரிச்சல் கடுமையாயிருக்கும். ஒருநாளைக்கென்றே செய்த லென்ஸை அன்றிரவே எறிந்துவிட வேண்டுவதுதான். சிக்கனம் கருதி மறுநாளுக்கு வைப்பார் அதன் பயனையே இழப்பர்.

1692-இல் லீவன்ஹூக் மீண்டும் தம் பல்லை நோக்கியபொழுது முன்வாய்ப் பற்களில் உயிரொன்றும் காணாது திகைத்தார். சில நாள் ஆராய்ந்து, தாம் காலைதோறும் வெந்நிலையிற் பருகும் காப்பியே காரணம் என்று கண்டார். சூடு எட்டாத கடைவாய்ப் பற்களில் அவை உயிருடனிருந்தன. காப்பியின் பெருமையைப் பேச நம் ஊரார்க்கு இது ஓர் ஆதாரமாகலாம்!

1702-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று அதனினும் வியப்பானது. தம் வீட்டுக் கூரைத் தூம்பில் மழைநீர் வற்றிக் காய்ந்து கிடந்த செந்நிறத் தூசியை எடுத்து உலர வைத்திருந்தார். அதில் நீர் விட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் சக்கரம்போலச் சுழலும் உறுப்புடைய சிறு பிராணிகள் உயிர்த்தெழுந்து நீந்தின. பல திங்கள் கழித்து, மேலும் உலர்ந்த தூசியில் நீர் விட்டும் அவ்வாறே எழுந்தன. காய்ந்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கை அன்றே பொய்த்தது. அகந்தமீபா அவர் கண்ட பிராணி அன்று. 1930-இல் காஸ்டெல்லானி என்னும் மருத்துவர் கண்ட பிறகே அது அறியப்பட்டது. எனினும் அதுவும் வறட்சி வந்தால் இரட்டை ஓட்டினுள் ஒடுங்கி ஆண்டுக்கணக்கிற் கிடக்கவல்லது. குடிநீரிற் கலக்கும் குளோரின் அவ்வோட்டைத் துளைப்பதில்லை. உலர்ந்து சுருண்டு மேசையிற் கிடந்த லென்ஸை நனைத்து மீண்டும் அணியலாமா என்று ஐயுறுவோர்க்கு இதனினும் தெளிவான விடை இல்லை.

இத்தனையும் கண்டவர் ஒன்றை மட்டும் காணவில்லை. இச்சிறு பிராணிகள் நோய்க்குக் காரணமாகலாம் என்று அவர் தம் கடிதங்களில் நிறுவ முற்படவில்லை. அதற்குப் பாஸ்டரும் காக்கும் தோன்றும்வரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் உலகம் காத்திருந்தது. அக்காலத்துக்கு ஓரளவு அவரும் பொறுப்பாளி என்றே யாம் கருதுகின்றோம். கண்டவற்றை யாவர்க்கும் எழுதினார். தம் மிகச்சிறந்த கண்ணாடிகளைச் செய்த வகையையும் பார்க்கும் முறையையும் ஒருவர்க்கும் கற்பிக்கவில்லை. 1698-இல் ருஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் தம் படகுக்கு இவரை அழைத்தபொழுது விலாங்கு மீனின் வாலில் இரத்தம் ஓடுவதைக் காட்டி மகிழ்வித்தார். ஆனால் இளைஞர்க்குக் கற்பிக்குமாறு லைப்னிட்ஸ் என்னும் ஞானி தூண்டியும் இசையவில்லை. மறைத்து வைத்த அறிவு அவருடனேயே புதைந்தது.

முதுமையிலும் கை ஓயவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசை துடிக்கும் அரிய நோயொன்று அவரைப் பற்றியபொழுது, அந்நோயின் இயல்பையே ஆராய்ந்து எழுதினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1723-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், தொண்ணூறு வயது நிரம்பியவராய் டெல்ப்டிலேயே உயிர்நீத்தார். பழைய தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அவர் விருப்பப்படி, வெள்ளியிற் செய்த 26 கருவிகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து மரியா ராயல் சொஸைட்டிக்கு அனுப்பினாள். அக்கழகத்தார் அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைத்துவிட்டனர். மரியா 1745-இல் இறந்தபின் எஞ்சிய நூற்றுக்கணக்கான கருவிகள் 1747-இல் ஏலத்திற் போயின. பழைய வெள்ளியாகவும் பித்தளையாகவும் எடைபோட்டு உருக்கப்பட்டவை அவற்றுள் எத்தனையோ! இன்று உலகில் உள்ளவை பத்துப் பன்னிரண்டே. அவற்றுட் சில லெய்டன், உட்ரெக்ட் நகரங்களின் காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. தகடுகளைப் பிரிக்க அஞ்சி, அவற்றுள் இரண்டை நியூட்ரான் கதிர்களால் ஊடுருவி நோக்கிய ஆராய்ச்சியாளர் 2021-இல் தாம் கண்டதை வெளியிட்டனர். மிக வலியதாகிய உட்ரெக்ட் கருவியின் உள்ளே இருந்தது, தீயில் உருக்கிய கண்ணாடி மணி. அவ்வகை மணியைச் செய்யும் முறையை ராபர்ட் ஹூக் தம் நூலில் முன்னரே வெளியிட்டிருந்தார்.